கம்பி போன துளை

வண்டி நின்றுபோனால் ரிலேயை மாற்று, கிளம்பினால் கையைத் தட்டிவிட்டுப் போ. எங்கள் தொழிலில் பாதிப் பேருடைய வைத்தியம் இவ்வளவுதான். தீப்பெட்டி அளவுகூட இல்லாத அந்தக் கரண்ட் சுவிட்ச் எத்தனை பேர் பாவத்தைச் சுமந்துகொண்டு குப்பைக்குப் போயிருக்கிறதோ. ஆனால் அன்று மட்டும், பழி ரிலேயின் தலையிலேயே விழ வேண்டும் என்று நானும் மனதார வேண்டிக்கொண்டேன்.

பட்டறையில் நின்றது என் தங்கச்சி புருஷன் ஓட்டிய ஆம்புலன்ஸ். முந்தின நாள் பாலத்தின் நடுவே இன்ஜின் அணைந்துவிட்டது. நெஞ்சுவலியோடு உள்ளே கிடந்த ஆசிரியர், மனைவியின் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். டிரைவரின் அலட்சியம் என்று வண்டி முதலாளி போலீஸில் சொல்லிவிட்டார். ரிலே தானாகப் பழுதானது என்று மெக்கானிக்கான நான் சொன்னால் மாப்பிள்ளை தப்புவார். இல்லாவிட்டால் வேலையும் போகும், ஜெயிலும் உண்டு.

இன்ஜினுக்குக் கரண்ட் விடும் ரிலேயைக் கழற்றிச் சோதித்தேன். 'டிக்'கென்று ஒழுங்காக அடித்தது. நல்ல ரிலே. எரிச்சலாக வந்தது. வேறொன்றை மாட்டியதும் இன்ஜின் கிளம்பியது, மாப்பிள்ளை முகத்தில் உயிர் வந்தது. மாட்டிய ரிலேயை விரலால் லேசாக அசைத்தேன். இன்ஜின் அணைந்துவிட்டது.

குப்பையில் கிடந்த வேறொரு ரிலேயின் தகட்டுக் காலை ஒடித்து, ரிலே மாட்டும் துளை ஒவ்வொன்றிலும் சொருகி இழுத்துப் பார்த்தேன். மற்றவை கெட்டியாகப் பிடித்தன. பேட்டரி கரண்ட் வரும் துளை மட்டும் தொளதொளவென்று விட்டுவிட்டது. டார்ச் அடித்தால், உள்ளே பித்தளை வாய் விரிந்து கருகிக் கிடந்தது. தானாக இப்படி விரியாது. எவனோ தடித்த எதையோ திணித்திருக்கிறான். அந்த எவனையோ வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

மாப்பிள்ளை போய், டிரைவர் சீட்டுக்கு மேலே சொருகியிருந்த, ஒரு முனை மட்டும் மடித்துத் தடித்திருந்த ஒரு வளைந்த செம்புக் கம்பியை எடுத்துவந்து நீட்டினார்.

ஒரு மழைநாளில், பிரசவ வலியில் துடித்த பெண்ணை ஏற்றிப் போகையில் ரிலே நிஜமாகவே செத்துவிட்டதாம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தடித்த முனையைக் கரண்ட் வரும் துளையிலும் மறு முனையை இன்ஜினுக்குப் போகும் துளையிலுமாக இந்தக் கம்பியைத் திணித்து ஓட்டியிருக்கிறார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள் புது ரிலே மாட்டினார், வண்டி ஓடியது, மறந்துவிட்டார். கம்பியை மட்டும் ராசியென்று வைத்துக்கொண்டார். முந்தின நாள் பாலத்தில் வண்டி நின்றபோதும் அதைத்தான் நம்பிச் சொருகினார். கருகிய துளையில் அது வேலை செய்யவில்லை.

"அப்பவே எங்கிட்ட வண்டியக் காட்டியிருக்கலாமே மாப்ள?"

"திட்டுவீங்கன்னுதான் மச்சான் வரல."

அன்றைக்கே விரிந்த வாயைக் குறட்டால் ஒரு நெருக்கு நெருக்கியிருந்தால் தீர்ந்திருக்கும். இப்போதும் கருகலைச் சுரண்டி, நெருக்கிவிட்டு, ரிலேதான் என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியாது. குறட்டைக் கையில் எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி போன் செய்தாள்.

"ரிலேதானே அண்ணே? ரிலேதான்னு சொல்லு."

நான் வாயெடுப்பதற்குள் மாப்பிள்ளை போனை வாங்கிக்கொண்டார்.

"ரிலே இல்ல, நான்தான்" என்றார். அவள் அழுவது எனக்கே கேட்டது. அவர் குரல் உயரவில்லை. "பாலத்துல அந்த வாத்தியார் சம்சாரம், வண்டி ஏன் நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அப்ப தெரியல. இப்பப் போய்ச் சொல்லணும்."