ஊசிக்கூட்டுக்குள் ஒரு முகம்

பழம்பொருள் கடைக்காரிக்கு வாயும் நீளம், வன்மமும் நீளம். எலும்பில் செதுக்கிய தையல் சாமான்கள்தான் அவள் வியாபாரம். விரலில் மாட்டும் பூ வேலைப்பாட்டு அங்குஸ்தான், குரோஷா ஊசி, எலும்பு மீன் பொம்மையின் வயிற்றிலிருந்து இழுக்கும் அளவு நாடா, எல்லாம் கிடைக்கும்.

விற்காதது ஒன்றே ஒன்று, விரல் நீள ஊசிக்கூடு. மூடியில் கடுகளவு கண்ணாடி. கண்ணோடு ஒட்டிப் பார்த்தால் உள்ளே படம் தெரியும். சுற்றுலா போனவர்கள் கடற்கரைப் படத்தோடு ஞாபகத்துக்கு வாங்கும் சாமான் அது. இதில் மட்டும் கடைக்காரியின் அம்மா முகத்தை அவள் அப்பா பதிக்கச் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு வேறு படமே கிடையாது. கடைக்காரியும் அதைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. பூட்டி வைப்பதிலேயே அவளுக்குத் திருப்தி.

அன்று தங்கை வந்து நின்றாள். அவள் பிறந்த அன்றே அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்போது கடைக்காரிக்கு வயது ஏழு.

"ஒரே ஒரு தடவை காட்டுக்கா. நாப்பது வயசாச்சு, அம்மா மூஞ்சி எப்படி இருக்கும்னே தெரியாது."

"அம்மாவை முழுங்கிட்டுப் பொறந்தவளுக்கு மூஞ்சி வேற பாக்கணுமா?"

தங்கை நகரவில்லை. வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, உக்காரு. அழுக்கா இருக்கு, கழுவித் தரேன்."

'சுடுதண்ணி மட்டும் காட்டிராதீங்க, பசை விட்டுப் படம் போயிரும்' என்று வாங்குகிறவர்களிடமெல்லாம் படித்துப் படித்துச் சொல்பவள் அவள்தான். பின்னறைக்குப் போய், கொதிக்கும் கெட்டிலுக்குள் ஊசிக்கூட்டைப் போட்டாள். பாவி! எடுத்துத் துடைத்து, ஒன்றும் தெரியாதவள் போலக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தங்கை ஜன்னலோரம் போய்க் கண்ணில் வைத்தாள். வெறும் வெள்ளை. கூடு இன்னும் கையைச் சுட்டது. பின்னறைக் கதவு வழியே ஆவி வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அழட்டும் என்று அக்கா காத்திருந்தாள்.

தங்கை அழவில்லை.

"அம்மா எவ்வளவு அழகுக்கா! இடது புருவத்துல அந்தத் தழும்பு எப்படி வந்துச்சு?"

"தழும்பா? புளுகாதடி. அப்படி ஒண்ணும்..."

கடைக்காரி கண்ணை மூடிப் பார்த்தாள். அம்மாவின் கை வந்தது, குரல் வந்தது. முகம் வரவில்லை. கூட்டைப் பிடுங்கிக் கண்ணில் வைத்தாள். வெள்ளை. திருப்பித் திருப்பி வைத்தாள்.

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"ஏய், நில்லுடி! தழும்பு இருந்துச்சா, இல்லையா?"

"என்னைக் கேட்டா? ஏழு வருஷம் பாத்தவ நீதானே."