ஏழாம் கேள்வி

உலகத்தில் எங்கேயோ இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டால், இங்கே ஆளுக்கொரு தீர்ப்பு தயாராக இருக்கும். பெட்ரோல் விலையும் ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம், தீர்ப்போடு திட்டும் சேர்ந்து வரும். அதையெல்லாம் தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்வதற்கென்றே ஒரு கருத்துக்கணிப்பு அலுவலகம் இருந்தது. பழைய கட்டடம், மூன்றாம் மாடி, லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. அட்டைத் தடுப்புகளுக்கு நடுவே ஆறு மேசை, ஆறு கணினி, ஆறு ஹெட்போன். ஜன்னலோர மேசையில் இருந்தவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. போனை எடுத்ததும் எரிந்து விழுகிறவர்கள்கூட அவள் இரண்டு வார்த்தை பேசியதும் "சரி, கேளும்மா" என்று இறங்கி வந்துவிடுவார்கள்.

அந்த வாரம் கேட்க வேண்டியவை பதினொரு கேள்விகள். வயது என்ன, வேலை என்ன, வண்டி இருக்கிறதா என்று முதல் ஆறும் சும்மா பேச்சுக்கு. ஏழாவதுதான் விஷயமே. "தன் பக்கத்து நாட்டின் மீது படையெடுத்துள்ள நாட்டிடமிருந்து நாம் எண்ணெய் வாங்குவதை நிறுத்த வேண்டுமா, தொடர வேண்டுமா?" எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும். விளக்கம் சொல்லக்கூடாது, சொந்தக் கருத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது, பதிலுக்கு "ம்" கூடக் கொட்டக்கூடாது. கணிப்பு முடிந்த மறுநாள் நாடாளுமன்றத்தில் தடைத் தீர்மானம் ஓட்டுக்கு வருகிறது. மக்கள் எந்தப் பக்கமோ நாங்களும் அந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுக் கட்சிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கெட்டிக்காரர்கள். நாளைக்குப் பழி வந்தால் மக்கள் தலையில் போட்டுவிடலாம் இல்லையா.

ரேடியோவின் கணவர் ஒரு எண்ணெய்க் கப்பலில் இன்ஜின் ஃபிட்டர். கப்பல் நிறைய இருந்தது அதே நாட்டு எண்ணெய். தடை வருமா வராதா என்று தெரியாததால் துறைமுகம் அதை உள்ளே விடவில்லை. நூற்றுப் பதினான்கு நாளாக நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றது. முதலாளி எந்த நாட்டில் ஒளிந்திருக்கிறான் என்றே ஒருவருக்கும் தெரியாது. ஆளில்லாமல் எண்ணெய்க் கப்பலை விட்டுவிட்டு வரச் சட்டம் இடம் கொடுக்காது என்று இருபத்திரண்டு பேரையும் அதிலேயே இருக்க வைத்திருந்தார்கள். குடிதண்ணீர் அளந்துதான். அவள் கணவருக்கு நீராவி பட்டுக் கணுக்காலில் வெந்த புண் ஆறாமல் சீழ் வைத்திருந்தது. தீர்மானம் தோற்றால் அன்றைக்கே உள்ளே விடுகிறோம் என்று துறைமுகத்தில் சொல்லியிருந்தார்கள். நிறைவேறினால் எத்தனை மாதமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இதை அவள் அலுவலகத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. கணிப்பு தொடங்கும் முன் எல்லோரிடமும் ஒரு படிவம் நீட்டினார்கள்: இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த ஆதாயம் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஊர் என்ன சொல்கிறது என்று தன் காதாலேயே கேட்டுவிட வேண்டும் என்கிற தவிப்பு அவளுக்கு. தவறுதான். ஆனால் அந்த நிலைமையில் நல்லது கெட்டது யாருக்குத் தெரிகிறது.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு மேற்பார்வையாளர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கேள்விக்கு இத்தனை வினாடி என்று அளந்துகொண்டே இருப்பதால் அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். நல்ல மனிதர்தான், சிரிக்க மட்டும் காசு கேட்பார்.

"உட்காரும்மா. மத்த அஞ்சு பேர் கேட்டதுல நூத்துக்கு அம்பத்திநாலு பேர் நிறுத்தணும்னு சொல்றாங்க. உன்கிட்ட முப்பது பேர்தான். நம்பரைக் கம்ப்யூட்டர்தான் போடுது. உனக்கு மட்டும் வேற நாட்டு ஜனங்களா வந்து மாட்டுவாங்க?"

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "நான் ஒரு வார்த்தை மாத்தலை சார்."

"மாத்தலை. மூணு தடவை போட்டுக் கேட்டேன். நீயும் கேளு."

பதிவை ஓடவிட்டார். ஆறாம் கேள்வி வரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏழாவதில் "நிறுத்த வேண்டுமா" என்பதைக் கடமைக்குச் சொல்லிவிட்டு அந்தக் குரல் கொஞ்சம் நின்றது. பிறகு "தொடர வேண்டுமா" என்று தாழ்ந்து வந்தது. இன்னும் ஒரே ஒரு வாய் என்று கெஞ்சிப் பிள்ளைக்கு ஊட்டுகிறவள் குரல். அடுத்த பதிவிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, "நீ கேக்குறதைப் பார்த்தா தொடர்ந்தாத்தான் நல்லது போல. அப்படியே போட்டுக்கோம்மா" என்றார். அவளுக்கு முகம் எரிந்தது.

"இது திங்கக்கிழமை பேசினது" என்று இன்னொன்றைப் போட்டார்.

ஒரு பெண் குரல். கேள்வியை முழுதாகக் கேட்டுக்கொண்டாள். "எங்கக்கா அங்கதாங்க இருக்கா, குண்டு விழுற ஊர்ல. ஒம்பது நாளா போன் எடுக்கலை." அதற்கு மேல் மூச்சுச் சத்தம் மட்டும். விதிப்படி ரேடியோவின் குரல் கேள்வியைத் திரும்ப வாசித்தது. நிறுத்த வேண்டுமா. தொடர வேண்டுமா. அந்தப் பெண் சொன்னாள்: "உங்க குரலைக் கேட்டா உங்களுக்கும் ஏதோ கஷ்டம்போலத் தெரியுது. நம்மால இன்னொருத்தர் கஷ்டப்பட வேண்டாம். தொடரட்டும்னே போட்டுக்கோங்க." உடனே ரேடியோவின் குரல்: "நன்றி. எட்டாவது கேள்வி."

அவளுக்கு இந்த அழைப்பே ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் எண்ணிக்கையைப் பார்த்து, இன்றைக்கு நிறையத் தொடரட்டும் விழுந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. அக்கா குண்டுக்கு நடுவே இருக்கிறாள் என்று ஒருத்தி காதுக்குள் சொல்லியிருக்கிறாள், அது இவள் காதில் ஏறவே இல்லை.

அதற்கப்புறம் மறைக்க என்ன இருக்கிறது. கப்பல், துறைமுகம், கணுக்கால், எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டாப்வாட்ச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"ரெண்டு மணிக்கு ரிப்போர்ட் போகணும். உன்னோடதைச் சேர்த்தா சரிபாதி வரும். சரிபாதின்னா எந்தக் கட்சிக்காரனுக்கும் துணிச்சல் வராது, தீர்மானம் தோத்துடும். எடுத்துட்டா நிறுத்துன்னு வரும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதை நான் ஒருத்தன்தான் கேட்டிருக்கேன். கேக்கவே இல்லைன்னும் இருந்துடலாம். எனக்கும் பொண்ணு இருக்கும்மா. நீயே சொல்லு."

இப்படி ஒரு கருணையை அவள் அவரிடம் எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறக்காமல் எழுந்து போனால் போதும், கணவர் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தப் புண்ணுக்கு ஒழுங்காகக் கட்டுப் போடலாம். அவர் வேண்டும் அவளுக்கு, வேறெதுவும் வேண்டாம். ஆனால் அந்தப் பெண் தன் அக்காவை ஒதுக்கி வைத்துவிட்டு, முகம் தெரியாத இவளுக்காக இரக்கப்பட்டுக் கொடுத்த பதில் அது. அதை வைத்து நாளைக்கு நாடாளுமன்றத்தில் கை தூக்குவார்கள். அவளால் தாங்க முடியவில்லை.

"எடுத்துடுங்க சார்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சா வேற மாதிரி சொல்லிடுவேன். எடுத்துடுங்க."

அவர் அவள் முன்னாலேயே எடுத்தார். கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னதற்காக அன்றோடு வேலையும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

புதன்கிழமை மதியம்தான் கப்பலிலிருந்து பேச விடுவார்கள், ஆளுக்கு மூன்று நிமிஷம். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"என்னங்க, கால் எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. அதை விடு, ஊர்ல என்ன சொல்றாங்க?"

"நிறுத்தச் சொல்றாங்க."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். வரிசையில் யாரோ இருமினார்கள். "நீ கேட்டவங்களுமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவரிடம் அவளுக்குப் பொய் வராது. "நான் கேட்டவங்க தொடரட்டும்னாங்க. நான்தான் அப்படிச் சொல்ல வச்சிருக்கேன், எனக்கே தெரியாம. அதையெல்லாம் எடுத்துடச் சொல்லிட்டேன்."

கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்பது நாளாகப் போன் எடுக்காத அக்காவைப் பற்றிச் சொன்னாள். அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தது, அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. அவர் நேரம் போவதையும் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார் கடைசியில். "அந்தம்மாவோட அக்கா அப்புறம் பேசினாங்களாமா?"



"கேக்கலைங்க. நான் எட்டாவது கேள்விக்குப் போயிட்டேன்."