வலது பக்கத்து டிஸ்க்

லியோங்கின் சிவப்பு சத்ரியா கார் பதினொரு மாதம் கழித்து பத்தாங் காலியில் இருக்கும் கமாருலின் பட்டறைக்குத் திரும்பி வந்தது. ராவாங்கில் தகர வேலை செய்கிறவர்கள் நசுங்கிய இடது பக்கத்தை நிமிர்த்தி, புதுக் கதவு மாட்டி, சாயமும் அடித்து அனுப்பியிருந்தார்கள். பிரேக் வேலையை மட்டும் அவர்கள் செய்யவில்லை. "அத கமாருல்தான் செய்யணும், வேற யாரும் கை வைக்கக் கூடாது" என்று லியோங் கண்டிப்பாகச் சொல்லியிருந்தானாம்.

கமாருல் காரை ஜாக்கியில் ஏற்றி, வலது முன்சக்கரத்தைக் கழற்றினான். கழற்றிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டான்.

பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. அதன் முகத்தில் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள். அதை அழுத்திப் பிடிக்கும் பேடில் உரசும் பொருள் ஓரிடத்தில் அடியோடு தீர்ந்து, பின்தகடு பளபளத்தது. வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தடிமன் இருபத்தொன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர் என்று அவனுக்குத் தெரியும். இருபத்திரண்டுக்குக் கீழே போனால் மாற்று என்று டிஸ்கின் விளிம்பிலேயே அச்சடித்திருக்கிறது. விபத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதே இடத்தில் குந்தி அளந்து பார்த்தவன் அவன்தான்.

புது டிஸ்க் செவ்வாய்க்கிழமைதான் வரும் என்று அன்றைக்குக் கடைக்காரன் சொல்லியிருந்தான். சனிக்கிழமை லியோங் போன் பண்ணி, "நாளைக்கு மலைக்குப் போலாமாடா, வண்டி தாங்குமா?" என்று கேட்டான். கமாருல் ஒரு நொடி யோசித்தான். மலையில் போட்டிக்குக் கார் ஓட்டும் ராவாங் ஆட்கள் நான்கைந்து கார்களோடு வருவதாக இருந்தது. கெந்திங் மலையின் பின்பக்கச் சாலையில் அந்தக் காரை இறக்குவதில் கமாருலை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர் மேல் அவனுக்கு ஆசையும் இருந்தது. "ஒரு ஞாயித்துக்கெழம தாங்கும்லா" என்று சொல்லிவிட்டான்.

தாங்கவில்லை. ஓட்டியது கமாருல்; நாலாவது வளைவில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டது. மலைப்பக்கம் திருப்பி மோதாவிட்டால் பள்ளத்தில் போயிருப்பார்கள். மோதியது இடது பக்கம். அங்கேதான் லியோங் உட்கார்ந்திருந்தான். முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. கமாருலுக்கு நெற்றியில் மூன்று தையல்.

"திடீர்னு பிரேக் போச்சு" என்று போலீசில் கமாருல் சொன்னான். லியோங்கும் அதையே சொன்னான். இடது டிஸ்க் நசுங்கிய இரும்போடு ராவாங்கிலேயே போய்விட்டது. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றி, ஆயில் குழாய் இழுபடாமல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். துருவேறிய இரண்டு திருகுகளையும் தட்டித் தட்டித் திறந்து, டிஸ்கின் பின்னால் சுத்தியலால் ஓங்கி அடித்தான். அது விடுபட்டுக் கையில் விழுந்தது. வெளியே பழைய இரும்பு வாங்கும் லாரி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தது. கூப்பிட்டால் நிற்கும். தூக்கிப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். கமாருல் டிஸ்கைப் பிடித்தபடி வாசல்வரை போனான். லாரிக்காரன் வேகத்தைக் குறைத்து அவன் முகத்தைப் பார்த்தான். கமாருல் இல்லை என்று தலையசைத்தான். லாரி போய்விட்டது.

அரை மணி நேரத்தில் லியோங் வந்தான். மனைவி சியூ பிங் அவனை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள். செயற்கைக் காலோடு கைத்தடி ஊன்றி, கமாருலுக்குப் பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியும் வாங்கி வந்திருந்தான்.

"என்னடா, தூங்கிட்டியா? காரை வாங்குற ஈப்போக்காரன் ஞாயித்துக்கெழம எடுக்க வர்றான். சின்னப் புள்ள இருக்கிற வீடு. நல்லா செஞ்சு குடு" என்றான். மேசைமேல் கிடந்த டிஸ்கைப் பார்த்துவிட்டு அதைத் தூக்கினான். "இதானா? இத எனக்குக் குடுத்துரு. வீட்ல செவத்துல மாட்டி வைக்கிறேன். வர்றவன் போறவன்கிட்டல்லாம் காட்டலாம்லா, என் காலத் தின்ன பயல் இவன்தான்னு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

"அது தின்னல" என்றான் கமாருல். "நான்தான்டா."

"என்ன உளர்ற?"

"வெள்ளிக்கெழமையே அளந்து பாத்தேன். தேஞ்சு போயிருந்திச்சு. ஓட்டக் கூடாத அளவு. நீ கேட்டப்ப தாங்கும்னு சொன்னேன்."

லியோங்கின் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போய்விடவில்லை. மெதுவாகத்தான் வடிந்தது. "தெரியாம சொன்னியா?"

"தெரிஞ்சுதான். நான் ஓட்டிக் காட்டணும்னு இருந்திச்சு."

லியோங் டிஸ்கை மேசையில் வைத்தான். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். பக்கத்து டயர்க் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் இரண்டு தடவை ஓடி நின்றது.

"என் மாமியா கேஸ் போடணும்னாங்க" என்றான் கடைசியில். "உன் பட்டறை மேல. நான் அவங்களக் கத்தி அனுப்பினேன். அவன் என்ன செய்வான், பிரேக் போனா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. பதினோரு மாசமா ஊரெல்லாம் உனக்காகப் பேசிட்டிருக்கேன்டா."

"தெரியும்."

"ஆஸ்பத்திரிக்கு தெனமும் கஞ்சி கொண்டாந்து ஊட்டினியே. இதுக்காகத்தானா?"

கமாருல் யோசித்துத்தான் சொன்னான். "இதுக்காகவும்தான். இது இல்லன்னாலும் வந்திருப்பேன்."

"அத நான் எப்படி நம்புறது?"



லியோங் கைத்தடியை ஊன்றி எழுந்தான். போய்விடுவான் என்று கமாருல் நினைத்தான். அவன் காரின் பக்கத்தில் போய் நின்றான். "வேலைய முடி. நான் பாக்கணும்."

கமாருல் முடித்தான். டிஸ்க் உட்காரும் அச்சின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துருப் போகத் தேய்த்தான். புது டிஸ்க் ஒவ்வொன்றையும் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவித் துடைத்து, லியோங் கேட்டபோதெல்லாம் வெர்னியரை வைத்து அளவைக் காட்டினான். காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளி, அதன் ஊசிகளுக்குக் கிரீஸ் பூசி, பேடுகளைப் பொருத்தினான். பழைய பிரேக் ஆயில் கறுப்பாக வந்தது. தெளியும்வரை புதுசு ஊற்றி, குழாயில் நின்ற காற்றை வெளியேற்றினான். லியோங் ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணிக்கொண்டு நின்றான். கால் வலித்திருக்கும், ஆனாலும் உட்காரவில்லை.

புதுப் பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று படிய, கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும். "நான் மட்டும் போய்ட்டு வரேன்" என்றான் கமாருல். லியோங் இடது பக்கக் கதவைத் திறந்து, கையால் தன் காலைத் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தான்.

உலு யாம் போகும் சமதளச் சாலையில், எண்பதில் போய் இருபதுக்கு இறக்கினான். மறுபடி எண்பது. மறுபடி இருபது. முதல் இரண்டு தடவையும் லியோங்கின் கை கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்தது. கமாருல் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எட்டாவது தடவை முடிந்ததும், பிரேக் ஆறட்டும் என்று மிதியைத் தொடாமல் மெதுவாக ஓட்டினான்.

"நல்லாப் பிடிக்குது" என்றான் லியோங். பிறகு, "வீட்டுக்கு விடு. சாயந்திரம் சியூ பிங் வருவா. அவகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

சாயந்திரம் கமாருல் போய்ச் சொன்னான். சியூ பிங் சமையலறை வாசலில் நின்றே கேட்டாள். கத்தவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. "இப்ப ஏன் சொல்றீங்க?" என்று கேட்டாள். "அவர் சிரிச்சுக்கிட்டு அத செவத்துல மாட்டுறேன்னாரு" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போங்க. அவரா கூப்பிடறவரைக்கும் வராதீங்க" என்றாள்.

லியோங் கூப்பிடவில்லை. ஈப்போக்காரன் காரை எடுத்துக்கொண்டு போனான். கேஸ் ஒன்றும் வரவில்லை. ராவாங் ஆட்களுக்கு விஷயம் எப்படியோ தெரிந்து, இரண்டு பேர் பட்டறைக்கு வருவதை நிறுத்தினார்கள். கமாருல் அதைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. மலைக்குப் போவதை விட்டுவிட்டான்.

நான்கு மாதம் கழித்து, லியோங்கும் அவளும் வருஷா வருஷம் சாப்பிட வரும் ஹரி ராயாப் பெருநாளின் மூன்றாம் நாள், சியூ பிங் மட்டும் கமாருல் வீட்டுக்குள் வந்தாள். கமாருலின் மனைவி சாவ்டாவோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து மூங்கிலில் வேகவைத்த லெமாங் சோறு ஒரு துண்டு சாப்பிட்டாள். "அவர் கார்லயே இருக்காரு. கூப்பிட வேணாம்" என்றாள்.

கமாருல் ஜன்னல் வழியாகப் பார்த்தான். வாசலுக்கு வெளியே காரில், கண்ணாடியை இறக்கிவிட்டு, லியோங் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாவ்டா ஒரு தட்டில் லெமாங்கும் ரெண்டாங் இறைச்சிக் கறியும் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். அவன் வாங்கிக்கொண்டான்.

வெறும் தட்டோடு அவள் திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டான் கமாருல்.

"இந்த வருஷம் ரெண்டாங்ல உப்புக் கம்மியாம்."