இரண்டு குழுவிலும் என் பெயர்

பட்டியலைப் பத்து மணிக்குத்தான் ஒட்டுவார்கள். நான் ஏழு மணிக்கே வேட்டை ஆபீஸ் வாசலில் போய் நின்றுவிட்டேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

"ஒரே கப்ப மூணு தடவ கழுவுற. எங்கயாவது போய்த் தொல," என்று என் மனைவி எர்லிண்டாவே கதவைத் திறந்துவிட்டாள்.

எனக்கு முன்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் தன் வண்டி டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். டயர் நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் ஒரே காரியத்துக்கு வந்தவர்கள், ஆனால் யாரும் அதைச் சொல்ல மாட்டோம். எங்கள் லானாய்த் தீவில் வேட்டைக்குப் போகிறவன் வேட்டைக்குப் போகிறேன் என்று வாயைத் திறக்க மாட்டான். துப்பாக்கியை வண்டியில் வைத்துக்கொண்டே "சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்பான். மீன் பிடிக்கப் போகிறவனும் அப்படித்தான். சொன்னால் மானுக்குக் கேட்டுவிடும். வேட்டைக்கு ஆள் எடுக்கும் குலுக்கலுக்கு மனுப் போட்டதைச் சொன்னால் பெயர் விழாது. நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனாலும் ஐம்பத்தேழு வயதுவரை நான் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் என் பெயர் விழுந்தே ஆகவேண்டும். காரணம் என் வலது தோள். அன்னாசிக் காட்டில் பதினெட்டு வருஷம், அதை மூடினபிறகு ஹோட்டலின் கோல்ஃப் புல்வெளியில் இருபத்துமூன்று வருஷம் உழைத்த தோள். உள்ளே தசைநார் கிழிந்துவிட்டது என்று ஹொனலுலு டாக்டர் சொன்னார். ஜூனில் ஆபரேஷன். ஆறு மாசம் கை தூக்கக் கூடாது, ஒரு வருஷம் துப்பாக்கி பிடிக்கக் கூடாது. அந்த ஆறு மாசமும் அரைச் சம்பளம். கடையில் விற்கும் கறி கப்பலில் வருவது, கப்பல் கூலியும் சேர்ந்த விலை. ஃப்ரீசரில் மூன்று மான் கிடந்தால் டிசம்பர்வரை தாங்குவோம். இல்லாவிட்டால் சோறும் டப்பாக் கறியும்தான்.

மானுக்கா பஞ்சம்? தினமும் விடிகிற நேரத்தில் கோல்ஃப் மைதானத்தின் பதினாலாம் குழிப் பக்கம் முப்பது நாற்பது புள்ளிமான்கள் நிற்கும். யாரோ ஒரு ராஜாவுக்குப் பரிசாக வந்த ஏழெட்டு மான்களின் வம்சம் இப்போது ஆட்களைவிடப் பெருத்துவிட்டது. கம்பெனி புல்லை அவை மேய, வண்டியில் ஹாரன் அடித்து விரட்டுவது என் வேலை. அங்கே ஒன்றைத் தொட்டால் வேலை போகும். சுட வேண்டுமென்றால் மேற்கே அரசாங்கக் காட்டில்தான், குலுக்கலில் பெயர் விழுந்தவன் மட்டும்.

பத்தேகாலுக்கு வெண்டெல் பட்டியலோடு வெளியே வந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன், பலகையில் ஊசி குத்தும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் தாளில் நான் இல்லை. இரண்டாவது தாளிலும் இல்லை. மூன்றாவது தாளில் 'தள்ளுபடி' என்று தலைப்பிட்டு இரண்டே இரண்டு குழுக்கள். முதல் குழுவில் என் மருமகன் காய்ப்போ, அவன் அண்ணன் மோக்கே, நான். இரண்டாவது குழுவில் எர்லிண்டாவின் தம்பி டெல்ஃபின், துறைமுகத்தில் அவனோடு மூட்டை தூக்கும் சூனியோ, கிழவர் ததாவோ. நாலாவதாக நான்.

"என்னடா இது?" என்றேன்.

"ஒரு ஆள் பேரு ரெண்டு குழுல இருந்தா ரெண்டு குழுவும் காலி. ஃபாரத்துல மூணாவது வரியே அதுதான், நெஸ்டர்."

"நான் ஒரு ஃபாரம்தான்டா போட்டேன்."

"இன்னொண்ண உன் மச்சான் போட்டிருக்கான். லைசென்ஸ் நம்பர் சரியா இருக்கு. கையெழுத்து குழுத் தலைவன் போட்டா போதும். நான் என்ன பண்ண?"

மச்சானே அப்போது வந்து இறங்கினான். விசில் அடித்துக்கொண்டு வந்தவன் பலகையைப் பார்த்ததும் நிறுத்தினான். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீ அந்தப் பய குழுல என்ன பண்ற?"

"உன்ன யாரு என் பேரப் போடச் சொன்னா?"

"பதினோரு வருஷமா நாந்தான போடுறேன்? இந்த வருஷம் என்ன, மருமகனுக்கு மீச மொளச்சிருச்சா?"

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"கேக்குறதா? கேட்டா வெளங்குமா?" டெல்ஃபின் தரையில் துப்பினான். "போன மாசம் உன் வீட்டுக்கு வந்தேன். ரெண்டு பீர் குடிச்சேன். செவுத்துல இருந்த துப்பாக்கியப் பாத்தேன். நீயும் பாத்த. ஒண்ணும் சொல்லல. வேற என்ன மச்சான் வேணும், பத்திரமா எழுதணும்?"

அவன் சொன்னது உண்மை. அன்றைக்கு அவன் துப்பாக்கியைப் பார்த்தபோது, எதற்கு வந்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. காய்ப்போ அதற்கு நாலு நாள் முன்பே எங்கள் ஃபாரத்தை ஆபீஸில் கொடுத்திருந்தான். இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பெயர் விழாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்த காரணம் வேறு. டெல்ஃபின் குழுவில் எத்தனை மான் விழுந்தாலும் நாலு கூறாகப் பிரிப்பார்கள், தராசு வைத்து. ஆளுக்கு இரண்டு மான் சுடலாம்; காய்ப்போவோடு போனால் என் பங்கு இரண்டும் எனக்கு, அவன் பங்கில் ஒன்றும் எனக்கு. தோள் விஷயத்தை டெல்ஃபினிடம் சொல்லியிருந்தால் அது துறைமுகத்துக்குத் தெரிந்து, சாயங்காலத்துக்குள் என் மேஸ்திரி காதுக்குப் போயிருக்கும்; ஜூனுக்கு முன்னாலேயே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

"ஆறு வீட்டு அடுப்புல மண்ணப் போட்டுட்டீங்க மாமனும் மருமகனும்," என்றான் டெல்ஃபின். வண்டிக் கதவை அவன் அறைந்த அறையில் பலகையிலிருந்த தாள் ஆடியது.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அரிசி வாங்கப் போனால் கடைக்காரி சிரித்தாள். "நெஸ்டர், உனக்கு ரெண்டு பை போடவா? ரெண்டு பேரு இருக்கீங்களாமே."

அதற்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஃப்ரீசரைத் திறந்து பார்ப்பேன், இரண்டு பொட்டலம் மீன் கிடக்கும், மூடுவேன். அரை மணி கழித்து மறுபடி திறப்பேன். வேலையில் மான்களை விரட்டும்போது கூடுதலாகத் துரத்தினேன். ஒரு கிழட்டு ஆண் மானை மண்மேடுவரை துரத்திப்போய் வண்டியைக் கவிழ்க்கப் பார்த்தேன். மேஸ்திரி ரேடியோவில் கூப்பிட்டு, "என்னய்யா, அது உனக்குக் கடன் பட்டிருக்கா?" என்றார்.

மிச்சம் இருந்தது ஒரு வழிதான். பெயர் விழுந்தவன் வேட்டை நாளில் வராவிட்டால், அந்த இடத்தைக் காட்டு வாசலில் வந்து நிற்பவர்களுக்கு விடுவார்கள். தள்ளுபடியானவனும் நிற்கலாமா என்று வெண்டெலிடம் கேட்டேன். "வாசல்ல நிக்குறதுக்கு ஃபாரம் கிடையாது. நில்லு," என்றான்.

வேட்டை தொடங்கிய முதல் சனிக்கிழமை விடியற்காலை போனபோது டெல்ஃபினின் வண்டி முன்னாலேயே நின்றிருந்தது. சூனியோவும் ததாவோவும் பின்தட்டில் உட்கார்ந்து சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். காய்ப்போவும் மோக்கேயும் எனக்குப் பின்னால் வந்தார்கள். ஆக ஆறு பேரும் அங்கே. வேறு ஆட்கள் எட்டோ ஒன்பதோ.

"இன்னிக்கு எந்தக் குழுல இருக்கீங்க?" என்று ததாவோ என்னைக் கேட்டார். எழுபது வயசு. முகத்தில் சிரிப்பு இல்லாமல் கேட்பார், அதுதான் எரியும்.

பக்கத்துத் தீவிலிருந்து வரவேண்டிய ஒருவன் படகில் வாந்தியெடுத்துத் திரும்பிப் போய்விட்டானாம். ஒரு இடம். வெண்டெல் காலி காபி டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினான். ஒவ்வொருவனாகக் கையை விட்டோம். என் சீட்டில் பேனாவால் ஒரு சிலுவை இருந்தது.

சந்தோஷம் வரவில்லை. முதலில் டெல்ஃபினைத்தான் பார்த்தேன். அவன் தன் வெற்றுச் சீட்டைச் சுருட்டிக் காதைக் குடைந்துகொண்டிருந்தான்.

"ஒரே மான். பெட்டை மட்டும்," என்றான் வெண்டெல். "சீட்டு உள்ளவன் மட்டும்தான் உள்ள போகலாம். தூக்க ஆள் கூப்பிடக் கூடாது."

உள்ளே போய் இரண்டு மணி நேரம் நடந்தேன். செம்மண், முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல், நடுநடுவே அன்னாசிப் பாத்திக்கு அப்போது நாங்கள் விரித்த கறுப்புப் பிளாஸ்டிக்கின் கிழிசல்கள். நின்று பார்க்க வேண்டிய இடத்தில்கூட நிற்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தேன். இரண்டு கூட்டம் என் காலடியைக் கேட்டு ஓடியது. மூன்றாவது கூட்டம் ஒரு ஓடைப் பள்ளத்தில் முள்மர நிழலில் நின்றது. ஒரு கொழுத்த பெட்டை பக்கவாட்டில் நின்றது. துப்பாக்கியை ஏற்றினதும் தோளுக்குள் கத்தி இறங்கியது. சுட்டேன். அது நாலு தப்படி ஓடி விழுந்திருந்தது. நான் அது விழுந்ததைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் வேலை. பள்ளத்திலிருந்து மேடு ஏற வேண்டும். குடலை எடுத்துவிட்டும் நல்ல கனம். கயிற்றைக் காலில் கட்டி இடது கையில் சுற்றி இழுத்தேன். பத்தடி இழுப்பேன், உட்காருவேன். ஒரு இடத்தில் அது நழுவி என்னையும் சேர்த்துக் கீழே கொண்டுபோனது. அன்னாசிக் காட்டில் மூட்டை தூக்கிப் பிழைத்தவன் நான். ஒரு பெட்டை மானிடம் தோற்கிறேனே என்று கெட்ட வார்த்தையில் அதைத் திட்டினேன். அது பேசாமல் கிடந்தது. வாசலுக்கு வந்து சேர மத்தியானம் இரண்டு மணி தாண்டிவிட்டது.

அஞ்சு பேரும் அங்கேயே இருந்தார்கள். பாசத்தால் இல்லை. மான் வரும்போது வாசலில் நிற்கிறவனுக்கு ஒரு பங்கு உண்டு. கேட்கக் கூடாது, கொடுக்காமலும் இருக்கக் கூடாது. அதை அஞ்சாய், என்னோடு ஆறாய்ப் பிரித்தால் என் ஃப்ரீசருக்கு என்ன மிஞ்சும் என்று பள்ளத்திலிருந்தே மனசு கணக்குப் போட்டுக்கொண்டு வந்தது.

காய்ப்போ ஓடிவந்து கயிற்றை வாங்கினான். டெல்ஃபின் நகரவில்லை.

"ஏன் மச்சான் இடது கையால இழுக்குற?" என்றான்.

"சும்மா."

"சும்மாவா? வலது கையத் தூக்கு பாப்போம்."

தூக்கினேன். நெஞ்சுவரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"ஜூன்ல ஆபரேஷன்," என்றேன். "ஆறு மாசம் வேல இல்ல, அரச் சம்பளம். மூணு மான் இருந்தா தள்ளிருவேன். உன் குழுல இருந்தா நாலாப் பிரிப்பீங்க. அதான் காய்ப்போகூட போட்டேன்."

ததாவோ சோற்று டப்பாவை மூடினார். "அப்ப எங்களக் கழட்டிவிடத்தான் பாத்திருக்க."

"ஆமா."

"கையி போனது தெரியாமப் போச்சே. வாயி நல்லாத்தான் இருக்கு."

டெல்ஃபினுக்குப் பட்டியல் ஒட்டிய அன்றைக்கு வந்ததைவிட அதிகமாகக் கோபம் வந்தது. "அக்கா கூட சொல்லலியே! பதினோரு வருஷம் ஒரே வண்டில போயிருக்கோம். சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"குடுத்திருப்பியா? மூணு மானையுமா?"

அவன் யோசித்தான். பொய் சொல்ல வராத ஆள். "ஒண்ணற குடுத்திருப்பேன்," என்றான்.

மோக்கே சிரித்துவிட்டான். காய்ப்போ அவனை முழங்கையால் இடித்தான்.

டெல்ஃபின் கத்தியை எடுத்தான். வெண்டெல் எடை போட்டு முடித்ததும் மானைக் கொக்கியில் தொங்கவிட்டுத் தோலை உரித்தான். யாரிடமும் கேட்காமல் பின்னங்கால் இரண்டையும் அறுத்து என் ஐஸ் பெட்டியில் போட்டான். முதுகுக் கறியையும் போட்டான். அதற்கப்புறம் கத்தி நின்றது. சூனியோவைப் பார்த்தான்.

"என்ன ஏன் பாக்குற?" என்றான் சூனியோ. "எனக்கு நாலு புள்ளைங்க. நல்லவனா இருக்க எனக்குக் கட்டுப்படியாகாது. முன்னங்கால் ஒண்ணு எனக்கு."

"எடுத்துக்க," என்றேன்.

ததாவோ கழுத்துக் கறி கேட்டார். வினிகரில் வேகவைக்கும் அடோபோவுக்கு அதுதான் ருசியாம். காய்ப்போவும் மோக்கேயும் ஒன்றும் வேண்டாம் என்றார்கள். பிறகு மோக்கே ஈரலைக் கேட்டான். டெல்ஃபின் தனக்கு எதுவும் எடுக்கவில்லை. மிச்சமிருந்த முன்னங்காலை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, அதையும் என் பெட்டியில் எறிந்தான். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பேசாத. உன்மேல இன்னும் எரியுது," என்றான்.

பெட்டியில் இரண்டு மாசத்துக்கான கறிகூட இல்லை. எல்லோருக்கும் அது தெரிந்தது.

"அடுத்த சனிக்கிழம ஆறு பேரும் வரோம்," என்றான் டெல்ஃபின், கத்தியைப் புல்லில் துடைத்தபடி. "டப்பால ஆறு சீட்டு நம்மளுது. யாருக்கு விழுந்தாலும் பின்னங்கால் ரெண்டும் அக்கா வீட்டுக்கு."

"எனக்கு விழுந்தா ஒரு கால்தான்," என்றான் சூனியோ.

"எனக்கு விழுந்தா யோசிச்சுச் சொல்றேன்," என்றார் ததாவோ.

"கெழவா, யோசிச்சுட்டு வராத. வரதுன்னா வா. அடுத்த சனிக்கிழம வேட்டைக்கு..."

"மெதுவாடா!" ததாவோ எழுந்தே நின்றுவிட்டார். "வாய் விட்டாச் சொல்லுவ?"

"சொல்லாம இருந்து என்னத்தக் கிழிச்சோம்?" டெல்ஃபின் இரண்டு கையையும் வாயோரம் குவித்துக்கொண்டு காட்டைப் பார்த்துக் கத்தினான். "வேட்டைக்கு வரோம்டா! சனிக்கிழம! ஆறு பேரு!"

யாரும் சிரிக்கவில்லை. வெண்டெல் தராசைத் துடைப்பதை நிறுத்தினான். மோக்கே ஈரலைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான், மானுக்குக் கேட்டிருக்குமோ என்று. நானும் பார்த்தேன்.