நிமிடத்துக்குப் பன்னிரண்டு

பதினொன்று என்று நோட்டில் எழுதிவிட்டு மூத்தவள் பேனாவைப் பல்லில் கடித்தாள். மணி ஒன்று ஐம்பது. இன்னும் பத்து நிமிடத்தில் மறுபடி எண்ண வேண்டும். ஒரு முழு நிமிடம். அப்பாவின் மூச்சு ஒன்றுகூடத் தவறக் கூடாது.

"எட்டுக்குக் கீழ போச்சுன்னா உடனே எனக்கு போன் அடிங்க. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் இருக்காது. வேற எல்லா வேலையையும் போட்டுட்டு பக்கத்துல உக்காந்துடுங்க" என்று நர்ஸம்மா காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

காலையிலிருந்து ஒன்பது, பதினொன்று, எட்டு, பத்து என்று எண்கள் ஏறி இறங்கின. எட்டு வந்தபோது போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மூச்சு காதில் விழ வேண்டும் என்பதற்காக வீட்டையே ஊமையாக்கி வைத்திருந்தாள். கூரை மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது. சொட்டும் குழாய்க்குத் துணி கட்டியாகிவிட்டது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரி மேசை மேல் கிடந்தது. முதுகில் வியர்வை வழிந்தது. வழியட்டும்.

இரண்டே அறை. ஒன்று சமையலுக்கு. இன்னொன்றில் சுவரோரம் அப்பாவின் கட்டில், இந்தப் பக்கம் அவளுடைய வேலை மேசை, இரண்டுக்கும் நடுவில், அப்பாவின் தலைமாட்டை ஒட்டினாற்போல் தரையில் கம்ப்யூட்டர். இன்னும் கட்டப்படாத வீடுகளுக்குள் ஆள் நடந்து போவதுபோல அசையும் படம் செய்து தருவது அவள் பிழைப்பு. திரையைப் பார்த்தால் கட்டில் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

அந்தக் கம்ப்யூட்டர் தம்பி பாகம் பாகமாக வாங்கி வந்து இதே தரையில் திருப்புளியும் கையுமாக உட்கார்ந்து பூட்டியது. அதனால்தான் அப்பா அவனுக்குத் திருப்புளி என்று பெயர் வைத்தார். முதலில் அது போட்ட இரைச்சலில் அப்பாவுக்கு உறக்கமே போயிற்று.

"முப்பத்திரண்டு வருஷம் லாரி இஞ்சின் பக்கத்துலயே படுத்துத் தூங்கினவன்டா நான். இது இஞ்சின் இல்ல, காதுக்குள்ள கொசு!"

போன மாதம் திருப்புளி வந்து உள்ளே இருந்த சின்ன விசிறிகளைக் கழற்றிப் போட்டான். நிதானமாகச் சுற்றும் பெரிய விசிறிகளை மாட்டி, ஆணிகளுக்கு அடியில் ரப்பர் கொடுத்தான். "சூடு ஏறினா சுத்தும், ஆறினா படுத்துக்கும். இனிமே தொல்லை இல்லப்பா" என்றான். அப்பா ஒரு ராத்திரி முழுக்கக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இப்பதான்டா வண்டி ட்யூனுக்கு வந்திருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அப்பாவுக்குச் சாவைப் பற்றிப் பெரிய பயம் இல்லை. பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஒருமுறை லாரியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த கிளீனர் வழியிலேயே போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்து அப்பா நாற்பது கிலோமீட்டர் அவரோடு பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். டீக்கடையில் நிறுத்தி உலுக்கியபோதுதான் தெரிந்தது.

"பக்கத்துலயே இருந்தும் தெரியாமப் போச்சேடி. எனக்கு அப்படி வேணாம். நான் போறப்ப யாராவது என்னைப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"நான் இருக்கேன்பா" என்று அவள் கையில் அடித்துச் சொல்லியிருந்தாள்.

இரண்டு மணிக்குப் பத்து எண்ணினாள். பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். கண் திறக்காமலே கேட்டார்.

"திருப்புளி எங்க வர்றான்?"

"பாதி வழி வந்துட்டான்பா. பஸ்ல இருக்கான்."

"மெதுவா வரட்டும். ஓட்டுறவன அவசரப்படுத்தக் கூடாது."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

போன் அதிர்ந்தது. ஆபீஸ் மேலாளர்.

"என்னம்மா, நாலு மணிக்கு வீடு கட்டப் போறவங்க வர்றாங்க. படம் வந்துடுமா?"

"சார், அப்பாவுக்கு..."

"புரியுதும்மா, புரியுது. நீங்க பட்டனைத் தட்டினாப் போதும், மிச்சத்தை மிஷின் பாத்துக்கும். இந்த ஒரு தடவை மட்டும்."

இரண்டு பத்துக்குத் தட்டினாள். படம் மொத்தம் தொள்ளாயிரம் ஃபிரேம். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைய வேண்டும். ஒன்றுக்கு ஐந்து விநாடி. பழைய விசிறிகளாக இருந்தால் அறையே அலறியிருக்கும். இப்போது அலறல் இல்லை. தம்பி கெட்டிக்காரன்.

இரண்டு இருபதுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு எண்ணினாள். பன்னிரண்டு.

இரண்டு முப்பது. பன்னிரண்டு. நாற்பதுக்கும் அதேதான். தலையைத் திருப்பிப் பார்த்தாள். போர்வைக்குள் அசையாத முதுகு. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் தொண்டையில் சளி தட்டுவதுபோல் ஒரு சின்ன 'டிக்'. நாளெல்லாம் இல்லாத ஒழுங்கு. தாங்க மாட்டாமல் நர்ஸம்மாவுக்கு போன் அடித்தாள்.

"அக்கா, பன்னிரண்டு வருது! அப்படியே நிக்குது!"

"அட, நல்ல விஷயம்தானே. தூங்கட்டும், எழுப்பாதீங்க. இன்னொரு பேஷண்டைப் பாத்துட்டு ஆறு மணிக்கு வர்றேன்."

மூன்று மணிக்குப் பஞ்சை நனைத்தவள், எழுப்பாதீங்க என்றது நினைவுக்கு வந்து கிண்ணத்திலேயே போட்டுவிட்டாள்.

மூன்று இருபதுக்குத் தம்பி அழைத்தான். பின்னணியில் ஏகப்பட்ட ஹாரன்.

"பாலத்துல மாட்டிக்கிட்டோம்கா. ஒரு லாரி குறுக்க நிக்குது. அப்பா?"

"நல்லா இருக்கார்டா. நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. ஒரு மணி நேரமா ஒண்ணு கூடல, குறையல."

"ஒண்ணுகூடவா?"

"அதான் சொல்றேனே. நீ பதறாம வா."

"எனக்குக் கேக்க வை. கிட்ட கொண்டு போ."

கையை நீட்டி போனைத் தலைமாட்டுப் பக்கம் பிடித்தாள். இழுத்து, விட்டு. டிக். இழுத்து, விட்டு. டிக். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தாள்.

"கேட்டியா?"

ஹாரன்தான் கேட்டது.

"டேய்!"

"அக்கா... நீ ஏதாவது ஓட விட்டிருக்கியா?"

"ஆபீஸ் படம். ஏன்?"

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு பத்து. இன்னும் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். ஏன்டா?"

"அதை ஆஃப் பண்ணு."

"விளையாடாதே. நாலு மணிக்கு..."

"அந்த 'டிக்' கீழ் ஃபேன்கா. வயர் ஒண்ணு லேசா உரசும். அடுத்த தடவை பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்." அவன் குரல் கிறீச்சிட்டது. "சூடு ஏறின உடனே ஃபேன் வேகம் ஏறி, இறங்கின உடனே இறங்குது. கொஞ்சம் நிதானம் வெச்சிருக்கணும், நான் வைக்கல. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு தடவை ஏறி இறங்கும். அக்கா, ஆஃப் பண்ணு."

ஐந்து விநாடிக்கு ஒன்று. நிமிடத்துக்கு எத்தனை என்று அவள் கணக்குப் போடவில்லை. நோட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு என்று ஏழு தடவை, ஒன்றின் கீழ் ஒன்றாக, அழகான கையெழுத்தில்.

"இல்லடா. ரெண்டும் சேர்ந்து கேக்குதோ என்னவோ. அவரும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான்..."

"அக்கா."

குனிந்தாள். பட்டனில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். திரை கறுத்தது. விசிறி ஒருமுறை இழுத்து, விட்டு, சுற்றிச் சுற்றித் தளர்ந்து, டிக்கென்று நின்றது.

அறையில் ஒரு சத்தமும் இல்லை.

இரண்டே அடிதான். முழங்காலிலேயே நகர்ந்து போனாள். போர்வைக்குள் கையை விட்டு அவர் கையைத் தேடினாள். வெந்துகொண்டிருந்த அந்த அறையில் அது மட்டும் ஆறிப்போயிருந்தது. தோளைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் திருப்பினாள். முகத்தில் வலி எதுவும் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ கேட்க வந்தவர்போல.

போனில் தம்பி அழுவது கேட்டது. பஸ்ஸில் யாரோ, "என்னப்பா, என்ன ஆச்சு?" என்று விசாரித்தார்கள்.

"எப்போக்கா?"

"தெரியலடா."

"நீ பக்கத்துலதானே இருந்தே?"

அவர் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள்.

"பக்கத்துலதான் இருந்தேன்."

அவன் மூக்கை உறிஞ்சினான். "கட் பண்ணாதேக்கா."

"பண்ணல."

மேலாளரின் அழைப்பு நடுவில் வந்தது. திரையில் அந்தப் பெயர் மின்னி மின்னி ஓய்ந்தது. அவள் போனின் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு, அதை அப்பாவின் காதோரம் தலையணை மேல் வைத்தாள். கட்டிலின் விளிம்பில் ஏறி, அவர் முகம் தெரியும்படி உட்கார்ந்துகொண்டாள்.

குறுக்கே நின்ற லாரியை யாரோ நகர்த்தியிருக்க வேண்டும். "போலாம் ரைட்" என்று நடத்துநரின் குரல் வந்தது. ஒரு விசில். பஸ் உறுமிக் கிளம்பியது. முதல் கியர். கொஞ்சம் இழுத்து இரண்டாவது. பாலத்தின் இணைப்புகளில் சக்கரங்கள் தடதடத்தன. மூன்றாவது கியரைப் போட ஓட்டுநர் கொஞ்சம் அவசரப்பட்டார். பற்கள் உரசிக் கரகரத்தன. பிறகு கியர் விழுந்தது.