துடைக்காத சன்னல்

விமானப் புகைக்குக் கடிவாளம் போடும் சட்டத்துக்காக, ஓடுபாதையை ஒட்டிய வீடுகளில் படியும் கரியைச் சேகரிக்க அதிகாரி வருகிறார் என்றதும், அக்கா வீடு முழுக்கத் துடைத்துவிட்டாள்.

"அவர் வர்றதே அழுக்கைப் பார்க்கத்தான்! இனி நம்ம வீடு கணக்கிலேயே வராது," என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"அம்மா இருந்தா வீட்டை இப்படி அழுக்கா விட்டிருப்பாளாடா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சன்னல் விளிம்புக் கரியில் இருவரும் விரலால் விமானம் வரைந்ததும், அம்மா இருமிக்கொண்டே வந்து அதை அழித்ததும் அக்காவுக்கு நினைவுக்கு வந்தன. அந்த இருமலோடுதான் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

வந்த அதிகாரி விளிம்பில் ஒரு வெள்ளைத் தட்டை வைத்தார். "ஒரு வாரம் யாரும் தொடக்கூடாதும்மா."

அவர் போனதும் அக்கா ஈரத்துணியைத் தம்பியிடம் நீட்டினாள். "எங்கேயாவது ஒளிச்சு வைடா. என் கை சும்மா இருக்காது."