நீலக் கைப்பிடிக் கரண்டி

"அந்தக் கரண்டியை வெட்டித் தூக்குடா, இல்லேன்னா ஞாயித்துக்கிழமை நீ படம் போடுற ஹால்ல நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று ரெய்னா போட்ட சத்தம் நாலு மாடிக்கும் கேட்டது, இஸ்ரேலின் கிர்யாத் அத்தாவில் வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லா ஜன்னலும் திறந்துதான் கிடக்கும், "குடும்பத்தைப் பத்தின சிரிப்புப் படம்மா, ஜனம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிற இடமே அதுதான்" என்றான் படம் எடுத்த மகன் நதாவ், சிரிக்கட்டும், யார் வேண்டாமென்றது, ஆனால் படத்தில் வருவது அவள் சமையலறை ஆயிற்றே, பாலுக்கு நீலக் கைப்பிடி, கறிக்குச் சிவப்பு, யூத ஆசாரப்படி இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது, முப்பது வருஷமாய் அப்படித்தான், அவளாக நடிக்கிற அந்த டெல் அவீவ்காரி கறிப் பானைக்குள் நீலத்தை விட்டுக் கலக்குகிறாள்... முன்வரிசையில் உட்காரப் போவது யார்? எல்ஹரார் குடும்பம், மகள் லிராஸைப் பெண் கேட்டிருப்பவர்கள், கீரையை மூன்று தண்ணீரில் அலசி, விளக்கில் பிடித்துப் பூச்சி பார்க்கிறவர்கள், இந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கல்யாணம் அவ்வளவுதான். "அவளுக்கு யாருமே சொல்லித் தரலையா?" "கேட்டுட்டுத்தாம்மா எடுத்தா."

யாரைக் கேட்டாள்... படம் எடுத்த அன்று வீடெல்லாம் விளக்கு, மேக்கப் போடும் பெண் போகிற போக்கில் இவள் கன்னத்திலும் பவுடர் அப்பியிருந்தாள், இவளோ காமிராவில் விழுந்துவிடுவோமோ என்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள், விழ வேண்டும் என்றும்தான், "எதால கலக்கட்டும் அக்கா?" என்று நடிகை கேட்டபோது கை தானாகப் போய்... "திருப்பிப் போடுடா." போட்டான். திரையின் ஓரத்திலிருந்து நீலக் கரண்டியை நீட்டுகிறது ஒரு கை, மூன்று வளையல், இரண்டு தங்கம், ஒன்று கவரிங், தெருவில் வேறு யாருக்கு இருக்கிறது? வெட்டச் சொல்லலாம், வெட்டினால் போயிற்று, ஆனால் படப்பிடிப்பு முடிந்ததும் அந்தப் பானைக் கறியை வீடே வழித்துச் சாப்பிட்டதே, அதை எப்படி வெட்டுவது... சபத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்ற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, ஏற்றிவிட்டால் நாளை இருட்டும்வரை போனைத் தொடக்கூடாது, முடிவு செய்துவிட்டாள், போனை எடுத்தாள்.

"சம்பந்தியம்மா, ஞாயித்துக்கிழமை படத்துல ஒண்ணு பார்ப்பீங்க. நடிகை மேல தப்பில்ல, எடுத்துக் குடுத்தது நான்தான். பானை, கரண்டி ரெண்டும் குப்பைக்குப் போயாச்சு." அந்தப் பக்கத்திலிருந்து கேள்விதான் வந்தது. "லிராஸ் இதுல எப்படி?" "அவ என்னைவிடக் கெட்டி." "அப்ப சரி" என்றாள் பெர்லா எல்ஹரார்.

ஹாலில் பெர்லாதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள், ஹனுக்கா பண்டிகை வாரத்தில் கல்யாணம் முடிந்து லிராஸ் திபேரியாவுக்குக் குடிபோனாள், நதாவ் மேக்கப் பெண்ணோடு பெர்லினில் இருக்கிறான், பெர்லா இப்போதும் வந்து போகிறாள், சமைத்தது எதையும் தொடாமல் ஆரஞ்சை மட்டும் தன் கையாலேயே உரித்துச் சாப்பிடுவாள், அந்தப் படம் பார்த்ததிலிருந்துதான் என்று ரெய்னாவும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்... ஆனால் பெண் கேட்டு வந்த அன்றைக்கு, படம் எடுப்பதற்கு முன்னாலேயே, பெர்லாவின் தட்டில் என்ன இருந்தது, ஆரஞ்சுத் தோல்தானே இருந்தது...